வாசல் தெளித்த பிறகே புள்ளி

டிவி கேமின் ஸ்விட்சைத் தள்ளியதும் உள்ளே இருக்கும் சிப் ஏழு சைக்கிளில் தன்னைச் சுதாரித்துக்கொண்டு, 65532, 65533 என்ற இரண்டு முகவரிகளைப் போய்ப் படிக்கும். அங்கே இருக்கும் இரண்டு பைட்டுகளைச் சேர்த்தால் இன்னொரு முகவரி கிடைக்கும். அந்த இடத்துக்குத் தாவி, அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யத் தொடங்கும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. திரையில் என்ன வர வேண்டும், எந்த நிறத்தில் வர வேண்டும், கையில் இருக்கும் பேடில் எந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறோம் என்று ஒன்றும் தெரியாது. அடியில் தாங்கிப் பிடிக்க விண்டோஸ் கிடையாது, ஆண்ட்ராய்டு கிடையாது. அந்த இரண்டு பைட்டில் தொடங்கி திரையில் தெரியும் கடைசிப் புள்ளி வரை எல்லாவற்றையும் கேசட்டுக்கு நிரல் எழுதியவர்தான் வைக்க வேண்டும்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில், சில வருடங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் செய்துவரும் வேலை இதுதான். நான் எழுதிய ஒரு கேசட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஸ்விட்சைப் போட்டால் அதில் சிக்குக் கோலம் வரும்.

தொண்ணூறுகளில் சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான் மீடியா, சாமுராய் போன்ற பெயர்களில் நம் வீடுகளுக்கு வந்தன. நாம் யாரும் ஃபேமிகாம் என்று சொன்னதில்லை, கார்ட்ரிட்ஜ் என்றும் சொன்னதில்லை. பெட்டி 'டிவி கேம்', அதில் செருகுவது 'கேசட்'. என் முதல் கேசட்டை அப்பா பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தார். மேலே ஆயிரக்கணக்கில் எண் போட்டிருக்கும், உள்ளே பத்துப் பதினைந்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, டாங்க். 1985இல் வந்த சூப்பர் மரியோ ஆட்டம் முழுதும் 40 கேபிதான்: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. எட்டு உலகமும் அத்தனை பாட்டும் அதற்குள் அடங்கியிருக்கின்றன என்று பின்னாளில் தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எப்படி அடக்கினார்கள் என்று பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றியது. அந்தத் தேடல்தான் இங்கே கொண்டுவந்து விட்டது.

பெட்டிக்குள் இருக்கும் மூளை 6502. 1975இல் சக் பெடிலின் குழு எம்ஓஎஸ் டெக்னாலஜியில் வடிவமைத்து, 25 டாலருக்கு விற்று, சிப் சந்தையையே புரட்டிப்போட்ட சிப். ஆப்பிள் 2இல் இருந்தது இதுதான். 1984இல் மத்திய அரசு கிளாஸ் திட்டத்தின் கீழ் நம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த பிபிசி மைக்ரோவுக்குள் இருந்ததும் இதுதான். நின்டெண்டோவுக்காக ரிக்கோ நிறுவனம் இதில் சில மாற்றங்கள் செய்து ஒலிப் பகுதியையும் சேர்த்தது. நான் கிண்டியில் பொறியியல் படித்தபோது லேபில் கற்றது 8085. ஆப்கோடை அட்டவணையில் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கிட்டின் ஹெக்ஸ் விசைகளில் ஒவ்வொன்றாகத் தட்டி, இரண்டு எண்களைக் கூட்டி விடை வந்ததும் ஒரு சந்தோஷம் வரும். எத்தனையோ பேர் அந்த லேபைத் தேர்வோடு மறந்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் மட்டும் விரல் நுனியிலேயே தங்கிவிட்டது.

இப்போது ஹெக்ஸ் விசை இல்லை. லேப்டாப்பில் அசெம்பிளியில் எழுதுகிறேன், சிஏ65 அதை பைட்டுகளாக மாற்றித் தருகிறது, மெசன் எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறேன். ஆனால் எழுதும் வரிகள் 1983இல் எழுதியிருக்கக்கூடிய அதே வரிகள்தான்.

அந்த முதல் வரிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இன்டரப்டை மூட வேண்டும், யாரும் நடுவில் கூப்பிடக் கூடாது. அடுத்து டெசிமல் முறையை அணைக்கும் கட்டளை. ரிக்கோவின் சிப்பில் டெசிமல் முறையே வேலை செய்யாது, ஆனாலும் இதை எழுதுவது வழக்கம், நானும் எழுதுகிறேன். அடுத்து ஸ்டாக்குக்கு இடம் குறிக்க வேண்டும். பிறகு படம் வரையும் சிப்பின் 2000, 2001 என்ற இரண்டு ஹெக்ஸ் முகவரிகளிலும் சுழியை எழுதி, திரையை இருட்டாகவே வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. படச் சிப் மின்சாரம் வந்த உடனே தயாராகிவிடாது. அசல் பெட்டியில் ஏறக்குறைய 29,658 சைக்கிள் கழியும் வரை அதன் முக்கியமான சில ரிஜிஸ்டர்களில் என்ன எழுதினாலும் காதில் வாங்காது. அதனால் 2002 என்ற முகவரியை விடாமல் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு திரையை மேலிருந்து கீழ் வரை ஓட்டி முடித்ததும் அதில் ஏழாவது பிட் எழும். அது ஒரு முறை எழுந்தால் போதாது, இரண்டாம் முறையும் எழ வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் நல்ல புரோகிராமர் சும்மா இருக்க மாட்டார், ரேமைத் துடைப்பார். இந்தப் பெட்டியில் ரேம் 2048 பைட். 256 பைட் வீதம் எட்டுப் பக்கம். எட்டிலும் ஒரே சுற்றில் சுழியை எழுத 11,500 சைக்கிள் பிடிக்கும். கிடைக்கும் இடைவெளிக்குள் தாராளமாக முடிந்துவிடும்.

ஒரு பக்கத்தில் மட்டும் சுழி எழுதக் கூடாது. ஸ்பிரைட் எனப்படும் நகரும் உருவங்கள் 64க்கும் இடம் குறித்து வைக்கும் பக்கம் அது. அங்கே சுழி என்றால் 64 உருவங்களும் திரையின் மேல் இடது மூலையில் வந்து குவிந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்தில் 255 எழுதி, எல்லாவற்றையும் திரைக்குக் கீழே அனுப்பிவிட வேண்டும். சுத்தம் செய்வது என்றால் எல்லா இடத்திலும் ஒரே துடைப்பத்தைப் போடுவது இல்லை என்று இந்த ஒரு பக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

கோலத்துக்கு வருகிறேன். சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு இரண்டு விதமாகத்தான் போக முடியும்: அந்தப் பக்கத்தை மூடி வளைந்து திரும்பும், அல்லது திறந்து அடுத்த புள்ளியின் கோட்டோடு பின்னிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். நான்கு பக்கம், இரண்டு வழி, ஆக 16 வடிவங்கள். நேர்ப்புள்ளி வைத்துப் போடும் எந்தச் சிக்குக் கோலமும் இந்தப் பதினாறில் அடங்கிவிடும்.

கோலத்துக்குள் இப்படி ஓர் இலக்கணம் இருக்கிறது என்று நம் ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கட்ட வரிசைகளுக்கான இலக்கணத்தைக் கொண்டு கோலங்களை விவரித்த ஆய்வு 1974இல் வெளியானது. கணினி அறிவியலில் பட மொழிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். கமலா கிருதிவாசன் பின்னர் அடையாறுப் பக்கம் ஐஐடியில் பேராசிரியராக இருந்தார். நான் தினமும் கடக்கும் வாசல்களில் கிடந்த ஒன்றை அவர்கள் கணிதமாக்கி வைத்திருந்தார்கள். அதை ஒரு கேசட்டுக்குள் கொண்டுவரும் வேலைதான் எனக்கு மிச்சம்.

டிவி கேமின் திரை 256க்கு 240. அது 8க்கு 8 கட்டங்களால் ஆனது, டைல் என்பார்கள். ஒரு புள்ளிக்கு 16க்கு 16 இடம் கொடுத்தால், அதாவது நான்கு டைல் கொடுத்தால், திரையில் ஒரு வரிசைக்கு 16 புள்ளி, 15 வரிசை. 240 புள்ளிகள். பதினாறு வடிவத்துக்கும் தலா நான்கு டைல் என்று 64 டைல் வரைய வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு லஸ்ஸில் வாங்கிய கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. புள்ளியைச் சுற்றி இருக்கும் நான்கு மூலைகளில், ஒரு மூலையின் வடிவம் அதைத் தொடும் இரண்டு பக்கங்களை மட்டுமே பொறுத்தது. இரண்டு பக்கம், நான்கு நிலை, நான்கு மூலை, ஆக 16 டைல் போதும். ஒரு டைலுக்கு 16 பைட். பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256 பைட். நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் அத்தனைக்கும் தேவையான கோடுகள் 256 பைட்டில் முடிந்துவிட்டன. அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து இன்னும் கிழிக்கவில்லை.

ஒரு டைலைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். மேல் இடது மூலை, இரண்டு பக்கமும் மூடியது, அதாவது ஒரு கால்வட்டம். அதன் பதினாறு பைட்டுகள்: 0, 7, 24, 32, 32, 64, 64, 64, அடுத்து 0, 0, 0, 0, 0, 0, 3, 3. முதல் எட்டு மாவுக்கோடு. மேலிருந்து இரண்டாம் வரிசையில் வலது ஓரத்தில் மூன்று புள்ளிகள், அது 7. மூன்றாம் வரிசையில் நடுவில் இரண்டு, அது 24. அப்படியே சரிந்து இறங்கி, கடைசி மூன்று வரிசையில் இடது ஓரத்தை ஒட்டி நேராக நிற்கும், அது 64. பின் எட்டில் ஆறு சுழிக்குப் பிறகு வரும் இரண்டு 3, நடுவில் வைத்த புள்ளியின் கால் பங்கு. மற்ற மூன்று மூலைகளும் தங்கள் பங்கைக் கொண்டுவந்தால்தான் அது முழுப் புள்ளியாகும். இந்த வளைவைச் சரியாகக் கொண்டுவர எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. 24க்குப் பதில் 56 போட்டால் வளைவு தொப்பை போட்டுவிடும், 16 போட்டால் நடுவில் அறுந்துவிடும்.

நிறமும் பொருந்தி வந்தது. இந்தப் பெட்டியில் டைலுக்கு ஒரு நிறம் கொடுக்க முடியாது. 16க்கு 16 இடத்துக்கு ஒரு வண்ணத் தொகுப்புதான் கொடுக்கலாம், இருப்பதே நான்கு தொகுப்பு. ஆட்டம் எழுதுகிறவர்கள் இதோடு மல்லுக்கட்டுவார்கள். என் கோலத்தில் ஒரு புள்ளியின் எல்லை அச்சாக அதே 16க்கு 16. தெளித்த வாசலின் கரும்பழுப்புப் பின்னணி, மாவு வெள்ளை, ஓரத்துக்குக் காவிச் சிவப்பு. எதையும் வளைக்காமலேயே உட்கார்ந்துகொண்டது.

வரைவதற்கும் நேரம் காலம் உண்டு. திரை ஓடிக்கொண்டிருக்கும்போது படச் சிப்பின் நினைவகத்தைத் தொட்டால் படம் கலைந்துவிடும். ஒரு திரை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வரும் இடைவெளியில்தான் எழுத வேண்டும். என் பெட்டியைத் திறந்தால் தைவான் நிறுவனமான யுஎம்சி செய்த 6527பி, 6538 என்ற இரண்டு சிப்புகள் இருக்கும். (பின்னால் வந்த பெட்டிகளில் எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புப் பொட்டுக்குள் போய்விட்டன.) நம் ஊர் டிவிக்கு ஏற்றபடி நொடிக்கு 50 திரை. எழுதக் கிடைக்கும் இடைவெளி 20 கோட்டு நேரம், ஏறக்குறைய 2,270 சைக்கிள். அதில் 514 வரை ஸ்பிரைட்டுகளை நகலெடுப்பதற்கே போய்விடும். மீதியில் இருபது புள்ளியை அவசரமாக எழுதிவிடலாம்தான். நான் அப்படிச் செய்யவில்லை. நான்கு திரைக்கு ஒரு புள்ளி என்று வைத்தேன். 240 புள்ளியும் நிறையப் பத்தொன்பது நொடி ஆகும். மாவைக் கிள்ளி விடும் கையின் வேகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

எமுலேட்டரில் எல்லாம் அழகாக ஓடியது. இனி சிப்பில் ஏற்ற வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, ஈப்ராம் இருக்கா? 27சி256 ஒண்ணு, 27சி64 ஒண்ணு."

"பழசுதான் தம்பி இருக்கு, கண்ணாடி வெச்சது. அழிச்சித்தான் எழுதணும்."

அந்தக் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப்புகளுக்கு ஒரு கம்பீரம் உண்டு. புற ஊதா விளக்குக்கு அடியில் இருபது நிமிடம் வைத்தால் யாரோ எப்போதோ எழுதியது எல்லாம் அழிந்து, ஒவ்வொரு பைட்டும் 255 ஆகிவிடும். எழுதி முடித்ததும் ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வெளிச்சத்தை மறைக்க வேண்டும். பழைய கேசட் ஒன்றின் கூட்டுக்குள் 60 பின் போர்டு, அதில் இரண்டு ஐசி பேஸ். ஈயம் வைத்து முடித்ததும் மல்டிமீட்டரை பீப்பில் போட்டு, 60 பின்னையும் ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்த்தேன். சிறுவயதில் கேசட் ஓடாவிட்டால் ஊதி ஊதிப் போடுவோமே, அந்த ஈரக்காற்று பின்களுக்குக் கெடுதல். ஐபிஏ ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடைத்தால் போதும்.

செருகினேன். ஸ்விட்சைப் போட்டேன். கோலம் வந்தது, ஆனால் நடுவில் எங்கிருந்தோ தொடங்கியது. பாதி வாசல் வெறுமை, மூலையில் காரணமில்லாமல் இரண்டு துண்டுக் கோடு. அணைத்து உடனே போட்டேன், அதே போல் வந்தது. கால் மணி நேரம் கழித்துப் போட்டேன், வேறு இடத்தில் தொடங்கியது.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா இது, பெருக்காத வாசல்ல போட்ட மாதிரி இருக்கு. நேத்துக் கோலம் அப்படியே கெடக்கு பாரு."

மூன்று இரவு அதோடு உட்கார்ந்தேன். வயரிங்கைச் சந்தேகித்தேன், ஈப்ராமைச் சந்தேகித்தேன். கடைசியில் பிடிபட்டது, உடனே போட்டால் ஒரே மாதிரியும் ஆறவிட்டுப் போட்டால் வேறு மாதிரியும் வருகிறது என்பதுதான். மின்சாரம் போன சில கணங்களுக்கு ரேம் பழையதை நினைவில் வைத்திருக்கும், பிறகு மறக்கும், மறுபடி எழும்போது அதில் ஏதாவது இருக்கும். அம்மா சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. ரேமைத் துடைக்கும் வரிகளை அப்போது நான் எழுதியிருக்கவில்லை. 'அடுத்த புள்ளி எது' என்று குறித்து வைக்கும் இடத்தில் தொடக்கத்தில் சுழி இருக்கும் என்று நம்பிவிட்டேன். நான் வைத்திருந்த அமைப்பில் எமுலேட்டர் எனக்காகச் சத்தமில்லாமல் எல்லா இடத்திலும் சுழியை நிரப்பிக் கொடுத்திருந்தது. பெட்டி அப்படிக் கொடுக்காது.

இந்த வேலையில் நான் கற்ற பாடம் அதுதான், மற்ற எல்லாம் அதன் கிளைகள். இருக்கும் என்று எதையும் நம்பிக்கொள்ள முடியாது. தேவையானதை நீயே வைக்க வேண்டும். பகலில் நான் எழுதும் சாஃப்ட்வேர் பத்து அடுக்குக்கு மேல் நிற்கிறது. அவற்றில் எட்டை நான் பார்த்ததே இல்லை, நம்பித்தான் நிற்கிறேன். இந்தக் கேசட்டில் நம்புவதற்கு எதுவும் இல்லாததால், முடித்த பிறகு தெரியாததும் எதுவும் இல்லை. திரையில் எந்தப் புள்ளியைத் தொட்டுக் கேட்டாலும் அது எந்த பைட், எந்த வரி, எந்தக் கணத்தில் வந்தது என்று சொல்ல முடியும். ஒரு பொருளை இப்படி முழுதாகத் தெரிந்துவைத்திருப்பது வாழ்க்கையில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

துடைக்கும் வரிகளைச் சேர்த்தேன். ஈப்ராமை அழித்து மறுபடி எழுதினேன். பதினைந்து நிமிடம் ஆறவிட்டுப் போட்டேன். இடது மேல் மூலையில் முதல் புள்ளி விழுந்தது.

அதன் பிறகு பேடையும் சேர்த்தேன். சிலுவைப் பட்டனால் புள்ளிக்குப் புள்ளி நகரலாம்; ஏ வலது பக்கத்தைத் திறக்கும் அல்லது மூடும், பி கீழ்ப் பக்கத்தை. 240 புள்ளிகளுக்கு நடுவே 449 இடைவெளிகள். எல்லாவற்றின் நிலையையும் 57 பைட்டில் வைக்கலாம். ஒருநாள் சோதனைக்காக எல்லா இடைவெளியையும் திறந்துவிட்டு, ஸ்டார்ட்டை அழுத்தினால் ஒரு சிறு ஸ்பிரைட் கோட்டைப் பிடித்து ஓடும்படி எழுதினேன். எத்தனை இழை என்று எண்ணுவதற்கு. ஸ்பிரைட் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு கோடுகூட மிச்சமில்லாமல் தொட்டுவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. ஒரே இழை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லா இடைவெளியும் திறந்த செவ்வகக் கோலத்தில் இழைகளின் எண்ணிக்கை, நீள அகலப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக் காரணி. அங்கோலாவின் சோனா மணற்கோலங்களையும் நம் கோலங்களையும் சேர்த்து ஆராய்ந்த மொசாம்பிக் கணிதர் பாலுஸ் கெர்டஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 16க்கும் 15க்கும் பொதுக் காரணி 1 மட்டுமே. 1983இல் திரையின் அளவை முடிவுசெய்தவர்கள் கோலத்தை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தத் திரை முழுதும் ஒரே கம்பியில் நிறைகிறது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அஞ்சுக்கு அஞ்சு வெச்சா அஞ்சு இழை வரும்மா. அஞ்சுக்கு நாலு வெச்சா ஒரே இழை!"

"ஒரு வரிசை கொறைச்சி வெச்சா சேந்துக்கும்னு எங்களுக்குத் தெரியும்டா" என்றார். "ஏன்னுதான் தெரியாது."

மறுநாள் விடியற்காலை, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஐந்துக்கு நான்கு புள்ளி வைத்தார். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். தொடங்கிய இடத்துக்கு மாவு வந்து சேரும் வரை கையைத் தூக்கவில்லை.